மெதுவாய் இருந்தவர் மடாம் அல்லர்

பிரெஞ்சில் பிழையின்றி எழுதி, தமிழில் பிசிறின்றிப் பேசி, தட்டாஞ்சாவடியில் தைத்த தோற்பைகளைத் துலூஸ் வரை கொண்டுசேர்த்த திருமகளே, முதலியார்பேட்டை எங்களுக்குத் தந்த முத்தே, ஏற்றுமதிப் பிரிவின் எழுதுகோலே, மேலாளர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் மடாம் ஆகி, இன்று பணி ஓய்வு பெறும் சூசான் அம்மையாரே, வணக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் தாங்கள் தட்டச்சுப் பொறியின் முன் வந்து அமர்ந்தீர்கள். தந்தி போய்த் தொலைநகல் வந்தது. தொலைநகல் போய் மின்னஞ்சல் வந்தது. தாங்கள் மட்டும் அதே நாற்காலியில் அதே நிமிர்ந்த முதுகோடு இருந்தீர்கள். பாரீசிலிருந்து பத்து வரியில் பாய்ந்துவரும் கோபத்துக்கு மூன்று வரியில் பதில் எழுதி, கோபித்தவரையே மன்னிப்புக் கேட்க வைப்பீர்கள். இப்படியே பக்கம் பக்கமாகப் புகழ, இதை எழுதும் கணினிப் பொறுப்பாளன் ஜானகிராமனுக்கும் தெரியும். ஆனால் புகழ்ந்து மட்டும் முடித்தால் இந்த மடல் பொய்யாகிவிடும்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் தங்கள் வேலையின் வேகம் குறையத் தொடங்கியது. ஒரு கடிதம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடிக்கலாம். "மடாமுக்கு வயசாயிடுச்சி, கை ஓடல" என்று உணவு இடைவேளையில் பேசினோம். அதைத் தாங்கள் கேட்டுவிட்டதும் எங்களுக்குத் தெரியும். நிர்வாகம் என்னிடம் அறிக்கை கேட்டது. கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், "கணினியில் குறையில்லை, இயக்குபவரின் வேகம் போதாது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த ஒற்றை வரியால் இவ்வாண்டு ஜனவரியில் பிரெஞ்சுக் கடிதங்கள் தங்களிடமிருந்து பறிக்கப்பட்டன. வந்த பார்சல், போன பார்சல் எழுதும் பதிவேடு தரப்பட்டது. தாங்கள் பேனாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனீர்கள்.

தங்கள் இடத்துக்கு வந்த நிர்மலாதேவிக்கு இருபத்துநான்கு வயது. விரல்கள் மழையாய்ப் பொழியும். மே மாதக் கடைசியில் அவர் என்னிடம் வந்து, "சார், எனக்கும் வயசாயிடுச்சா? ஒரு மெயில் தொறக்க அஞ்சு நிமிஷம் ஆவுது" என்றார். அன்றுதான் நான் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தேன்.

தங்கள் இன்பாக்ஸில் பதினோராயிரம் கடிதங்கள் இருந்தன. இன்பாக்ஸை முதலில் 'உள்பெட்டி' என்றுதான் தூய தமிழில் எழுதினேன். தையல் பிரிவு மணியம்மாள், "எந்தப் பொட்டியச் சொல்றீங்க?" என்று கேட்டதால் இன்பாக்ஸ் என்றே இருக்கட்டும். அந்தப் பதினோராயிரத்தில் பாதிக்குமேல் எங்களுடையவை. வெட்டுப் பிரிவு ஆதிமூலத்தின் தம்பி மகள் திருமணப் படங்கள் இருநூறு. மணியம்மாளின் மகன் துபாயில் வாங்கிய கார், நான்கு பக்கமும், உள்ளேயும். என் மருமகன் காது குத்து, முழு வீடியோவாக. தொழிற்கூடத்துக்கே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். அதை ஊரிலும் வெளிநாட்டிலும் உள்ள உறவுக்கெல்லாம் நாங்கள்தான் கொடுத்தோம். "மடாம், போட்டோ வந்துச்சா?" என்று வந்து நின்றோம், தாங்கள் திறந்து காட்டினீர்கள். யாராவது மறுபடி கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று ஒன்றைக்கூட அழிக்கவில்லை. எங்கள் கனத்தைத்தான் அந்த ஃபோல்டர் சுமந்தது.

படங்களைத் தனித்தனி ஃபோல்டராகப் பிரித்தேன். எல்லா ஃபோல்டரையும் சேர்த்துச் சுருக்கும்படி கட்டளை கொடுத்தேன். மறுநிமிடம் கடிதங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தன. அலுவலகமே கைதட்டியது. நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பின்கட்டுக்கு வந்து சொன்னபோது தாங்கள் கேட்ட முதல் கேள்வி, "உங்க போட்டோ எதுவும் போயிடலையே?" என்பது. பிறகு போகிற போக்கில், "நான்கூட எடத்தக் கொறைக்கலாம்னு போன வருஷம் அமேலி எழுதினதெல்லாம் அழிச்சேன். ஒண்ணும் வேகமாவல" என்றீர்கள். அமேலி தங்கள் ஒரே மகள், துலூஸில் இருப்பவர். பேத்தி ஈனெஸ் பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை, முதல் பல்லும் முதல் சொல்லும் உட்பட, தொலைபேசிக்கு மாறும்வரை ஞாயிறுதோறும் அவர் எழுதிய கடிதங்கள் அவை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்கள் எங்கள் படங்களைத் தொடவில்லை. தங்களுடையதை அழித்தீர்கள்.

அழித்தால் பட்டியலில் பெயர்தான் போகும், மடாம்; சுருக்கும்வரை கனம் உள்ளேயே கிடக்கும். 'சுருக்கட்டுமா' என்று கணினி கேட்கும்போதெல்லாம் 'வேண்டாம்' என்று அழுத்தும்படி எல்லோருக்கும் உத்தரவு போட்டவன் நான். முன்பொருமுறை நடுவில் மின்சாரம் போய்ச் சில கடிதங்கள் கெட்டதால் வந்த பயம் அது. ஆகவே தாங்கள் அழித்ததால் துளி வேகமும் கூடவில்லை. அதே காரணத்தால் அமேலியின் கடிதங்கள் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருந்தன. மீட்டுத் தர முடியுமா என்று தெரிந்த கணினிக்காரர் ஒருவரிடம் ஓடினேன். "சுருக்கறதுக்கு முன்னாடி வந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன் சார்" என்றார். தங்களை ஒரு வார்த்தை கேட்காமல் சுருக்கியது இந்தக் கைதான். அமேலிக்கும் எழுதிப் பார்த்தோம். பழைய கணினியை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாராம்.

போன செவ்வாய்க்கிழமை இதைத் தங்களிடம் சொன்னேன். "வுடு ஜானகிராமா. எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் அழிச்சேன்" என்றீர்கள். பிறகு வெகுநேரம் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை.

என் அறிக்கையின் அந்த வரியை நிர்வாகம் அடித்துத் திருத்திவிட்டது. நாற்காலியைத் திருப்பித் தரச் சொன்னோம். ஓய்வுக்கு மீதமிருக்கும் பத்தொன்பது நாளுக்காக மாற்ற முடியாது என்றார்கள். நாங்களும் அதற்குமேல் போராடவில்லை, அம்மையீர். போராடியிருக்க வேண்டும்.

வாழ்த்த வயதில்லை என்று எழுதுவது வழக்கம். எங்களுக்கு இல்லாதது முகம். ஆனாலும் வாழ்த்துகிறோம்: கண்ணொளி குன்றாமல், கைவிரல் தளராமல், துலூஸில் மகளின் வீட்டில் மனம்நிறைந்து, பேத்திக்குப் பேரன் பேத்தி பிறக்கும்வரை நெடிது வாழுங்கள். ஈனெஸுக்கு இப்போது ஆறு வயது. இனி வருவதையெல்லாம் அருகிருந்து பாருங்கள். அவளுடைய முதல் மூன்று ஆண்டுகளைத் தாங்கள் கேட்டால் எங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

தங்களால் எதையும் இழக்காத,
ஏற்றுமதி, வெட்டு, தையல் பிரிவுப் பணியாளர்கள்
தட்டாஞ்சாவடி, புதுச்சேரி
30 ஜூன் 2008