எஞ்சின் சூடாகும்வரை காவல்

கடைத்தெருவில் வாளிக்காரர் என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். வயது ஐம்பத்தாறு. பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். கடைக்கு மேல் மாடியில் மனைவியோடு குடியிருக்கிறேன்.

நான் லாரி ஓட்டி மேலே வந்தவன். எஞ்சினைச் சூடாக்காமல் வண்டியை நகர்த்த மாட்டேன். போன வருடம் வாங்கிய ஆட்டோமேட்டிக் காருக்கு அரை நிமிடம் போதும் என்று விற்றவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் வண்டியைக் கிளப்பி, கியரை 'பி' என்ற பார்க்கிங்கில் விட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். ஓடுகிற வண்டியைத் தெருவில் தனியாக விட்டால் எவனாவது ஏறிப் போய்விடுவான் என்பதால், மனைவியை ஸ்டியரிங் முன்னால் காவலுக்கு உட்கார வைப்பேன்.

இன்று குளித்துவிட்டு இறங்கியபோது காரும் இல்லை, அவளும் இல்லை. அக்கம்பக்கம் ஓடிப் பார்த்தேன். போனையும் எடுக்கவில்லை. அதன் பிறகு இந்த ஸ்டேஷனுக்கு வந்து, காரோடு என் மனைவியைக் கடத்திவிட்டார்கள் என்று புகார் கொடுத்தேன். தாங்கள் எல்லாச் சோதனைச் சாவடிக்கும் சொல்லிக் காரை மடக்கச் சொன்னீர்கள். அவளுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டதற்கு, சைக்கிள்கூடத் தெரியாது என்று அடித்துச் சொன்னேன்.

அதன் பிறகு உட்கார முடியாமல் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"எவன்டி உன்னைக் கடத்தினான்?"

"என்னை எவன் கடத்துவான்? நான்தான் ஓட்டிட்டு வந்தேன். பங்க்ல நிறுத்திட்டுப் பேசறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நீங்க கடையில இருக்கறப்ப கத்துக்கிட்டேன். லைசென்சும் இருக்கு. அக்காவுக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அவளைப் பாக்க நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னீங்க. தினம் எஞ்சின் ரெடியாகுது, நீங்கதான் ரெடியாக மாட்டேங்கறீங்க."

போலீஸ் தேடுவதை நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதன் பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பாள்.

பெரிய ரோடு அவளுக்குப் புதிது. நாலு பேர் துப்பாக்கியோடு குறுக்கே பாய்ந்தால் பதற்றத்தில் பிரேக்கை மிதிப்பாளா, ஆக்சிலேட்டரை மிதிப்பாளா என்று தெரியாது. ஆகவே புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கடத்தலும் இல்லை, திருட்டும் இல்லை, அவசரக்குடுக்கை நான்தான். மற்றச் சாவடிகளுக்கு மடக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று, ஆற்றுப்பாலத்துச் சாவடி மட்டும் போனை எடுக்கவில்லை என்கிறீர்கள். அவர்கள் எடுக்கும்வரை கையெழுத்துப் போடப் பேனாவைத் தொட மாட்டேன் என்றேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒன்றும் மறைக்கவில்லை. பாலத்துச் சாவடிக்காரர்கள் போனை எடுத்துவிட்டதாகவும், ஓரமாக ஒதுங்கி வழிவிட்டதாகவும், ஓட்டி வந்த அம்மா அவர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனதாகவும் காவலர் இப்போது சொன்னதால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)