பக்கத்தில் பாடுகிறவள்

உங்கள் மின்விசிறி லேசாக முனகுகிறது, டாக்டரம்மா. ஏதோ ஒரு இறக்கையின் திருகு தளர்ந்திருக்கும். ஆள் விட்டு முடுக்கச் சொல்லுங்கள். வந்ததும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் துணிக்கடைத் தெருவில் வளர்ந்தவன். வாங்க வந்தவன் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முகத்தைச் சுளித்தால்தான் கடைக்காரனுக்கே நம்பிக்கை வரும். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று தலையாட்டுகிறவன் வெறுங்கையோடு போய்விடுவான்.

பெரியவள் உள்ளேயே இருக்கட்டும். இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி என்றீர்கள். அந்தக் கண்ணாடி அறை எனக்குப் பிடித்திருக்கிறது. கனத்த கதவு, சுவர் முழுக்கப் பஞ்சு, அவள் காதில் பெரிய ஹெட்போன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். நாம் பேசுவது எதுவும் அவளுக்கு எட்டாது. நிதானமாகவே பேசலாம்.

அவள் காதில் ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். அது எனக்குத் தெரியும்.

மேடையில் அவள் காதில் வைக்கும் கருவியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டீர்கள். கேட்ட தோரணையிலேயே தெரிந்துவிட்டது, நீங்கள் துணியைத் திருப்பி அடித்தையலைப் பார்த்துவிட்டீர்கள். அதன் பிறகும் மேல்பக்கத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பது வியாபாரத்துக்கு அழகில்லை. நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் அவளுக்குத் தாய்மாமன். அக்கா போன பிறகு இரண்டு பெண்களும் என் வீட்டில்தான் வளர்ந்தார்கள். கீழே என் துணிக்கடை, மேலே சரக்கு அறை. அந்தச் சரக்கு அறையில்தான் அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். பெரியவள் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுவாள். சின்னவள் வயலின். தாளத்துக்கு ஒரு பையன். பகலில் தபால் கொடுக்கிறவன், அதனால் எல்லோருக்கும் அவன் தபால். அவர்களே கட்டிய பாட்டுகள்தான். நாற்று, படகு, ஊரை விட்டுப் போனவர்கள் என்று நாட்டுப்புற மெட்டில் இருக்கும். கேட்க வந்தவர்கள் நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். குழுவுக்கு 'மாடிப்படி' என்றே பேர் விழுந்துவிட்டது.

சுவரில் நான் விற்காத துணிகளைத் தொங்கவிட்டேன், எதிரொலி அடிக்காமல் இருக்க. "மாமா, உலகத்துலயே விக்காத சரக்கு வச்சு பேர் வாங்குன ஒரே ஆள் நீங்கதான்" என்பான் தபால். சிரிப்பேன். சவுண்டு வேலையை நானே புத்தகம் பார்த்து, கையைச் சுட்டுக் கற்றுக்கொண்டேன். அவர்கள் எங்கே பாடினாலும் மிக்சிங் போர்டுக்குப் பின்னால் நான்தான்.

இந்த ஊரில் பாட்டுக்குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ஆற்றோரக் காப்பிக் கடையில் ஒன்று, மூடிப்போன அச்சகத்தில் ஒன்று. எல்லோரும் எல்லோருடைய கச்சேரிக்கும் வருவார்கள். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பார்கள். பாராட்ட வந்த முகமும் பிழை பிடிக்க வந்த முகமும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவே பெரியவள் ஒருத்தி சுருதி பிசகமாட்டாள் என்பது ஊர் ஒப்புக்கொண்ட விஷயம்.

பிறகு ஒரு கோட்டுக்காரர் வந்தார். வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். பெரிய நகரத்து இசைக் கம்பெனி ஆள். பெரியவளை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டு போகப் பார்த்தார். பெற்றவர்கள் இல்லாத இரண்டு பெண்கள், டாக்டரம்மா. அக்கா தங்கை பிரிந்து நிற்பதை எந்தத் தாய்மாமன் பார்த்துக்கொண்டிருப்பான்? நான் செய்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

செய்தது சின்ன விஷயம். மேடையில் மேளமும் கூட்டமும் சேர்ந்து இரையும்போது பாடுகிறவளுக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. அதனால் காதை அடைத்து ஒரு சின்னக் கருவி வைக்கிறோம். அவள் குரல் மைக்குக்குள் போய், என் போர்டுக்கு வந்து, அங்கிருந்து அவள் காதுக்குத் திரும்பும். அந்த வழியில் நான் அவள் குரலின் சுருதியை ஒரு மயிரிழை இறக்கினேன். அவள் காதில் மட்டும். கூட்டத்துக்குப் போகிற குரலை நான் தொடவே இல்லை. அதில் நான் நேர்மையானவன்.

என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கிட்டார் சரியாகக் கேட்கிறது, தன் குரல் இறங்கிக் கேட்கிறது. ஏற்றிப் பாடுவாள். ஏற்றியதும் கூட்டத்துக்கு அது பிசகும். முகங்கள் மாறும். அவள் இன்னும் கவனமாகக் கேட்பாள். இன்னும் இறக்கமாகத் தோன்றும். காது மந்தமானவளாக இருந்தால் தப்பித்திருப்பாள். அவளுக்கு அத்தனை நல்ல காது.

உங்களிடம் அவள் ஒன்று சொன்னாளாமே, "என் குரலுக்குப் பக்கத்துல இன்னொருத்தி பாடுறா" என்று. மனநல மருத்துவரும் அதைக் கேட்டுத்தான் மாத்திரை எழுதினார். பைத்தியமெல்லாம் இல்லை. நம் குரல் எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கும், உங்களுக்குத் தெரியாததா? எலும்பு வழி வந்த நிஜக் குரலும் என் வழி வந்த இறங்கிய குரலும் உள்ளே ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன. பக்கத்தில் பாடியவளும் அவளேதான்.

வீட்டில் கருவி இல்லையே, அங்கே சரியாகப் பாடியிருப்பாளே என்கிறீர்கள். பாடினாள். சமையலறையில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, "சரியா இருக்கா மாமா?" என்று கேட்டாள். அப்பழுக்கில்லாமல் இருந்தது. "கொஞ்சம் இறங்குது கண்ணு" என்றேன். அங்கே போர்டு தேவைப்படவில்லை. நான் போதும்.

அதன் பிறகு குழுவுக்குள் சந்தேகம் நுழைந்தது. சின்னவளுக்கு அக்கா குடிக்க ஆரம்பித்துவிட்டாளோ என்று சந்தேகம். ஒரு நாள் அக்காவின் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். பெரியவள் அதைப் பார்த்துவிட்டாள். பெரியவளுக்கோ, தங்கை வேண்டுமென்றே வயலின் தந்தியை ஏற்றிக் கட்டுகிறாளோ என்று. கடையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. அவ வயலின ஏத்தி வைக்கிறாளா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தேன். அவ்வளவுதான்.

"நீங்க சொல்லமாட்டீங்க. உங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேசாமல் இருக்கத் தெரிந்தவனிடம் வாடிக்கையாளரே விலையைச் சொல்லிவிடுவார்.

தபால் ஒருத்தன்தான் கருவியைச் சந்தேகப்பட்டான். ஒத்திகையில் தாளத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அக்கா காதுல போடுறத ஒரு தடவை என் காதுல போடுங்க."

"ஏன்டா, வீடு வீடா கடுதாசி குடுத்தது போதாதுன்னு இப்ப காதுலயும் நுழையப் போறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் என் சுண்டுவிரல் ஒரு பொத்தானை அணைத்துவிட்டது. கருவியை மாட்டிக்கொண்டு பெரியவளைப் பாடச் சொல்லிக் கேட்டான். சுத்தமாக இருந்தது.

"சாரி மாமா" என்றான். பாவம், அவன் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. பெரியவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கருவியில் குற்றமில்லை என்றால் குற்றம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அந்த நிமிஷம் முடிவாகிவிட்டது.

கோட்டுக்காரர் மறுபடி வந்து கேட்கிறேன் என்று சொன்ன கச்சேரி, நகரசபை மண்டபத்தில். படகுப் பாட்டில் ஒரு இடம் வரும். 'அக்கரைக்குப் போற படகே, ஆள் ஒண்ணு குறையுதே' என்று குரல் தனியாக ஏற, வயலின் பின்னால் போய்ச் சேர வேண்டும். சின்னவள் எழுதிய வரி. அன்றைக்கு அந்த இடத்தில் குரலும் வயலினும் சேரவில்லை. பெரியவள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "போதுமா? இப்ப சந்தோஷமா?" என்று கேட்டாள். சின்னவளுக்கு என்னவென்றே புரியவில்லை. "என்னக்கா?" என்று கிட்டே வந்தாள். பெரியவள் தள்ளினாள். அத்தனை பேருக்கு முன்னால். மேடை விளிம்பு அத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

சின்னவளின் இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. சேர்ந்துவிடும், ஆனால் வயலினைத் தாங்கித் திருப்புகிற அளவுக்குச் சேராது என்று எலும்பு மருத்துவர் சொல்கிறார். கைக்கட்டோடு தபாலின் கூடப்பிறந்த அக்கா வீட்டில் போய் இருக்கிறாள். எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை.

கோட்டுக்காரர் என்னையும் கூப்பிட்டாரா என்று ஏன் கேட்கிறீர்கள்? அதற்கும் இதற்கும் என்ன? சரி. பேரம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும்தான். ஒரு திருத்தம் சொல்கிறேன். அவர் பெரியவளை மட்டும் கேட்கவில்லை. மூன்று பேரையும்தான் கேட்டார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மேடையில் இருப்பவர்கள் மைக் அணைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுவதெல்லாம் என் ஹெட்போனுக்கு வரும். தொழில் அப்படி. ஒத்திகை இடைவேளையில் பேசிக்கொண்டார்கள்.

"அங்க அவங்க சவுண்டு ஆளுங்க இருக்காங்களாம்" என்றாள் சின்னவள்.

"மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றாள் பெரியவள்.

"சுவத்துல துணி தொங்கவிடுற ஆள அங்க கூட்டிட்டுப் போக முடியுமா?" என்றான் தபால். மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. பிரியமாகத்தான் சிரித்தார்கள். அதைத்தான் நான் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்காக நான் எதையும் செய்யவில்லை. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். காதில் குறையில்லை என்று நீங்கள் அவளிடம் சொல்லிவிட்டால், குறை தன் மூளையில் என்று நினைத்துக்கொள்வாள். ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் வரை தூங்குகிறாள். அதற்குப் பதிலாக, காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லுங்கள். நிம்மதியாகிவிடுவாள். இரண்டு காதும் என்பது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு காது போதும். இடது காது. அதிலும் முழுசாக வேண்டாம். பாட்டுக்கு மட்டும் ஆகாது, பேச்சுக்கு ஆகும் என்கிற அளவுக்கு. இதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது.

அவளை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், டாக்டரம்மா. இப்போது என்னைக் கேட்காமல் அவள் எதையும் நம்புவதில்லை. "மழை பெய்யுதா மாமா?" என்பாள், ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. "கதவ யாராவது தட்டுறாங்களா மாமா?" என்பாள். ஒருநாள் தபால் நிஜமாகவே வந்து தட்டிக்கொண்டிருந்தான். யாரும் இல்லை கண்ணு என்றேன். போன வாரம் "குழாய் சொட்டுதா மாமா?" என்று கேட்டாள். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. இல்லையே என்றேன். குழாய்க்கு ஏன் பொய் சொன்னேன் என்றால், எனக்கே தெரியவில்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது போலிருக்கிறது.

துணியை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருக்கிற மாதிரி அந்தப் பேனாவின் மூடியைத் திறந்து மூடுகிறீர்கள்.

உங்கள் மேசை மைக்கின் அடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, டாக்டரம்மா. அது எப்போதிலிருந்து எரிகிறது?

பதில் வேண்டாம். அதன் ஒயர் கண்ணாடி அறைக்குள், அவள் ஹெட்போன் பக்கம் போகிறது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். நல்ல மைக், இந்தத் தூரத்திலிருந்தே எடுத்திருக்கும். மின்விசிறியின் முனகலும் சேர்ந்துதான் போயிருக்கும். அதனால்தான் வந்ததுமே சொன்னேன்.

அதனாலென்ன. எப்படியும் அவளுக்கு ஒருநாள் தெரிய வேண்டியதுதான். காதும் சரியாக இருக்கிறது, மூளையும் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் சந்தோஷப்படத்தானே செய்வாள்.

திரும்புகிறாள் பாருங்கள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அழவில்லை. என்னைப் பார்க்கிறாள். வாய் அசைகிறது. திட்டுகிறாளோ என்று நினைத்தேன், இல்லை. அந்தத் தோள் ஏறுவதைப் பாருங்கள், அந்த மூச்சு எனக்குத் தெரியும். படகுப் பாட்டு. கிட்டார் இல்லாமல், கருவி இல்லாமல், தனியாகப் பாடுகிறாள்.

இங்கே ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறங்கள், டாக்டரம்மா. சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டுச் சொல்லாவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்?