மாடிக்கு என்ன வரி?

— …அதான் சொல்றேனே சார், மாடியில யாரும் இல்லை. தண்ணித் தொட்டியும் பழைய சாமானும்தான்.

— தண்ணித் தொட்டிக்குத் திரைச்சீலை எதுக்கும்மா?

— எங்க?

— ஜன்னல்ல. நீலக் கலர்ல. வாசல்ல நின்னாலே தெரியுது. டேப்போட இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க… செவுத்தோட ஒட்டி.

— பிடிச்சுட்டேன். சார்… நீங்க நிஜமாவே வீட்டு வரி ஆபீஸ்தானா?

— அட்டையைக் காட்டினேனே.

— அட்டையை யார் வேணா அடிச்சுக்கலாம். எப்பவும் ஒரு ஒல்லிக்காரர் வருவார். “போன தடவை மாதிரியேதானேம்மா”ன்னு வாசல்லயே கேட்டு எழுதிக்கிட்டுப் போயிடுவார். உள்ள வந்து அளந்ததே கிடையாது.

— அதனாலதான் தெரு இந்த லட்சணத்துல இருக்கு. இந்தத் தெருவை நான் அவர்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன்.

— கேட்டு வாங்கினீங்களா? இந்தத் தெருவையா? ஒரு விளக்கு எரியாது, சாக்கடைக்கு மூடி கிடையாது… இதைக் கேட்டு வாங்க இங்க என்ன கொட்டிக் கிடக்கு?

— வேலைதாம்மா… வேற என்ன.

— இல்லை, யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க. எதிர்வீட்டுக்காரிதானே? அவ கண்ணு எப்பவும் எங்க மாடி மேலதான்.

— யாரும் சொல்லலை. …மேல யாரோ நடக்கறாங்க போல?

— பூனை.

— செருப்புப் போட்ட பூனையா?

— …சரி, ஒளிச்சு என்ன ஆகப் போகுது. என் தங்கச்சி இருக்கா. புருஷனோட. கூடப் பிறந்தவ.

— இவ்வளவு நேரம் தொட்டின்னீங்க?

— நீங்க பாட்டுக்கு வாடகைன்னு எழுதிடுவீங்களோன்னு ஒரு பயம். கூடப் பிறந்தவங்க இருந்தா அது சொந்தக் குடியிருப்புதானே?

— ஆமா. வாடகைக்கு விட்டாத்தான் ரெட்டிப்பு வரி.

— அநியாயமா இல்லை? அதே செவுரு, அதே செங்கல்…

— வாடகை வருதுல்லம்மா? இந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு மாடி. எழுதிக் குடுத்திருக்கறதைப் பாத்தா எல்லார் மாடியிலயும் தங்கச்சி, மச்சான், பெரியம்மா பையன். இவ்வளவு சொந்தம் ஒரு கல்யாண வீட்டுல கூடச் சேராது! அப்புறம் தெருவிளக்கு ஏன் எரியலை, குப்பை வண்டி ஏன் வரலைன்னா? நகரசபைக்குக் காசு மரத்துலயா காய்க்குது? வீட்டு வரிதான் அதுக்குச் சோறு. வண்டிக்கு டீசல் போடணும்னாலும் இதுலதான் போடணும்.

— நான் ஒருத்தி கட்டினா மட்டும் விளக்கு எரிஞ்சுடுமா?

— எரியாது. ஆனா இதையே அடுத்த வீட்டுலயும் சொல்றாங்களே.

— நல்லா வக்கணையாப் பேசறீங்க. நான் ஆபீஸுக்குப் போன் போட்டு, இப்படி ஒரு ஆளை அனுப்பினீங்களான்னு கேக்கட்டுமா?

— தாராளமா.

— …யாரும் எடுக்கலையே.

— எடுக்க மாட்டாங்க. ஆள் பத்தலை. வரி ஒழுங்கா வந்தாத்தானே ஆள் போடுவாங்க.

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க! ஆனா ஒண்ணு சார், நீங்க வரியை ஏத்தினா அது எனக்கு வலிக்காது. எல்லாம் அந்தப் பொண்ணு தலையிலதான்…

— எந்தப் பொண்ணு?

— …என் தங்கச்சி. வேற யாரு.

— தங்கச்சிகிட்ட வாடகை வாங்கறீங்களா?

— வீட்டுச் செலவுக்குக் குடுப்பா. அக்கா தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும். இதையெல்லாம் எழுதாதீங்க.

— எழுதலை. மேல ரெண்டு ரூமா? காத்து வருமா? தண்ணி குழாய்லயே வருதா, கீழேந்து தூக்கிட்டுப் போகணுமா?

— தண்ணி தூக்கறதுக்கும் வரிக்கும் என்ன சார் சம்பந்தம்?

— வசதியைப் பொறுத்து வரி மாறும்.

— ஒல்லிக்காரர் இதையெல்லாம் கேட்டதே இல்லை. ஜன்னல் எப்படி, ரூம் எத்தனைன்னு… நீங்க அளக்க வந்தீங்களா, நோட்டம் பாக்க வந்தீங்களா?

— கேள்வி கேக்கறது என் வேலை. இந்த மாடிப்படிக்கு ஏன் கைப்பிடி இல்லை?

— அப்புறம் வச்சுக்கலாம்னு விட்டாச்சு. அதனால என்ன, மாசமா இருக்கறவ, அவளே செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிடறா…

— மாசமாவா?

— சார்? டேப்பைக் கீழ போட்டுட்டீங்க.

— எத்தனை மாசம்?

— அதுக்கும் வரி உண்டா?

— எத்தனை மாசம்மா?

— ஏழு. ஏன், உங்க முகம் இப்படி ஆயிடுச்சு?

— ஏழு மாசம்… இந்தப் படியிலயா ஏறி இறங்கறா? கால் வழுக்கினா யாரு பதில் சொல்றது? ஒரு கைப்பிடி வைக்கக் கூடவா மனசு வரலை உங்களுக்கு!

— எதுக்குக் கத்தறீங்க? என் வீட்டுப் படி, என் தங்கச்சி. உங்களுக்கு என்ன வந்தது?

— …தப்புதான். கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.

— இந்தாங்க. இப்படி உக்காருங்க.

— அவளை… பாத்துக்க யாரு இருக்கா? அப்பா, அம்மா?

— அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அப்பா இருந்தும் இல்லாத மாதிரிதான். அவருக்குப் பிடிக்காத பையனைக் கட்டிக்கிட்டாளாம், “என் வாசப்படி மிதிக்காதே”ன்னுட்டாராம். கல் நெஞ்சு! அவங்க அப்பா மாதிரி ஒரு பிடிவாதத்தை நான்…

— அவங்க அப்பாவா?

— எங்க அப்பா! எங்க அப்பாவைத்தான் சொன்னேன்.

— அந்த அப்பாகூட நீங்களாவது பேசறதுண்டா?

— நானா… நான் எங்க… எனக்கு வேலையே சரியா இருக்கு.

— அவரைப் பத்தி அவ என்ன சொல்லுவா?

— திட்டுவா. திட்டிட்டு அழுவா. வாசல்ல எந்தக் கிழவர் குரல் கேட்டாலும் முதல் ஆளா ஜன்னலுக்கு ஓடுவா, அவரா இருக்குமோன்னு. எனக்கே பாக்கச் சங்கடமா இருக்கும்.

— …இப்பவும் ஓடினா. நடந்த சத்தம் கேட்டுதே.

— ஆமா… அப்புறம் சத்தத்தையே காணோம். படி முனையில வந்து நிக்கறா போல. ஏய், ஒண்ணும் இல்லைடி! வரிக்காரர்தான்! …சார், நீங்க ஏன் கண்ணைத் துடைக்கறீங்க?

— தூசி. செவுத்துத் தூசி.

— மனசு இளகிடுச்சுன்னா நல்லதாப் போச்சு. சொந்தக் குடியிருப்புன்னே எழுதிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— அவ உங்க கூடப் பிறந்தவதானா? கடைசியா ஒரு தடவை கேக்கறேன்.

— எங்க அப்பா மேல சத்தியமா, கூடப் பிறந்தவ!

— பாத்து சத்தியம் பண்ணுங்கம்மா. அவ உங்க தங்கச்சின்னா, நீங்க எனக்கு மூத்த பொண்ணாகணும்… நான் பெத்தது ஒண்ணே ஒண்ணுதான்.