ஓர் இணை நாய்கள்

முதலில் யாரையாவது அனுப்பி என் நாய்களுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். வேட்டை நாளன்று அவற்றுக்குத் தீனி போடமாட்டோம். காலையிலிருந்து காய்ந்த வயிற்றோடு வேனில் கிடக்கின்றன. டெயின்ட்டிக்கு மட்டும் தனிக் கிண்ணம். அவள் யாரோடும் பங்கு வைத்துக்கொள்ள மாட்டாள்.

நான் க்ளெம் வாய்சி. ஹேசல்கூம் வேட்டைக் குழுவின் நாய்களை வளர்ப்பதும் களத்தில் நடத்துவதும் என் வேலை. நாயை விட்டு நரியைக் கொல்லக்கூடாது என்று சட்டம் வந்தபோது நானும் லண்டன் ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். பலனில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் சந்துகள் இருந்தன. நரி மூத்திரத்தில் நனைத்த துணியை ஒருவர் முன்னால் இழுத்துக்கொண்டு போனால், அந்தத் தடத்தை நாய்கள் மோப்பம் பிடித்து ஓடலாம். அது ஒன்று. கேடு செய்யும் நரியை, இரண்டே நாய்களை விட்டு வெளியே கிளப்பி, சுடத் தெரிந்தவர் உடனே சுட்டுவிடலாம். அது இன்னொன்று. நாங்கள் நாய்களை இணை இணையாகத்தான் எண்ணுவோம். ஆக, ஓர் இணைக்கு அனுமதி உண்டு.

எங்கள் குழு முதல் சந்தில் புகுந்துகொண்டது. துணி குதிரை லாயத்தில் ஆணியில் தொங்கியது. அது ஈரமாகி நான் பார்த்ததே இல்லை.

தபால் ஆபீசுக்கு எதிர்வீட்டு மோரின் டாக்கெட் அம்மாவுக்கு இது தெரிந்துவிட்டது. கேமராவோடு புதரில் உட்கார்ந்து எங்களைப் படம் பிடிப்பவர். ஊர்க்கூடத்தில் இரு தரப்பும் பேசிய அன்று அவர் எழுந்து என்னைப் பார்த்தார்.

"வருஷக்கணக்கா தடம் போடுறோம் தடம் போடுறோம்னு சொல்றீங்களே க்ளெம், அந்தத் துணியை ஒரு தடவையாவது நனைச்சிருக்கீங்களா?"

கூடமே சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். "பதில் சொல்லுய்யா க்ளெம், நனைச்சது துணியா, உன் கால்சட்டையா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். நானும் சிரித்துவைத்தேன். மனதுக்குள் எரிந்தது.

பிறகு ஒரு நாள், வளையிலிருந்து ஒரு பெண் நரியை நான் மண்வெட்டியால் தோண்டி எடுத்து நாய்களின் நடுவே எறிந்ததை அவர் படம் பிடித்துவிட்டார். அவரே போட்ட வழக்கு திங்கட்கிழமை வருகிறது. குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வக்கீல் கையை விரிச்சிட்டார்ப்பா. அந்தப் படம் கோர்ட்டுல ஓடிச்சுன்னா நம்ம கூடாரம் காலி. நாய்ங்களை யாரு வீட்டுல வச்சு வளர்ப்பான்? நீதான் பார்த்துக்கணும்."

பார்த்துக்கொள்வது என்றால் எங்கள் தொழிலில் தலைக்கு ஒரு தோட்டா. கிழடுகளை நான் அப்படித்தான் அனுப்பிவைப்பேன். ஆனால் குட்டிகள் உட்பட அத்தனையையுமா? பிறந்த ஈரம் காயாமல் என் கையில் ஏந்தியவை. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, இன்ஸ்பெக்டர். அன்று நான் அழுதேன்.

இன்று காலை புதரில் அவரைத் தேடிப்போய்க் கேட்டேன். பணிவாகத்தான் கேட்டேன்.

"மோரின், அந்தப் படத்தை அழிச்சிடுங்க. என் நாய்ங்க உயிரு அதுலதான் இருக்கு."

"அந்த நரிக்கும் உயிருதானே இருந்துச்சு? அதுக்குக் கெஞ்ச வாய் இல்ல, அவ்வளவுதான். கோர்ட்டுல பார்ப்போம் க்ளெம்."

அப்போதுதான் என் தோளில் இருந்த துப்பாக்கியைக் கவனித்தார் போலிருக்கிறது. ஓடினார். அவருடைய கழுத்துத் துண்டு முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துப் பார்த்தேன். வேர்வையில் நனைந்திருந்தது.

வேனுக்குத் திரும்பி டெயின்ட்டியையும் ராம்ப்ளரையும் இறக்கினேன். மற்றவை ஊளையிட்டு வேனை இரண்டாக்கின. நான் இறக்கவில்லை. துண்டை இரண்டின் மூக்கிலும் வைத்தேன். எங்கள் குழு உண்மையிலேயே ஒரு தடத்தைப் பின்தொடர்ந்தது இன்றுதான்.

நன்றாக ஓடியது. ஓடையில் இறங்கி, வாசனை அறுபடத் தண்ணீரிலேயே நடந்து, மேட்டில் ஏறி, இடிந்த சுண்ணாம்புக் காளவாய்க்குள் பதுங்கியது. அவர் என்று எழுதிக்கொள்ளுங்கள். ராம்ப்ளர் கெண்டைக்காலைக் கவ்வி வெளியே இழுத்தான். டெயின்ட்டி முழங்கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல பிடி. குட்டியிலிருந்தே அவளுக்குப் பிடி நன்றாக இருக்கும்.

"க்ளெம், நாயைக் கூப்பிடு! படத்தைக் குடுத்துடறேன், கேமராவையே எடுத்துக்கோ, கூப்பிடு!"

நரி கெஞ்சாது. அதனால்தான் எனக்கு நரிமேல் மரியாதை.

கொம்பை ஊதினேன். இரண்டும் உடனே விட்டுவிட்டு என் காலடிக்கு வந்தன. வழக்கமாக நரியை நாய்களுக்கே விட்டுவிடுவோம். இன்று நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கிட்டே போய், நெற்றியில் ஒரே ஒரு தோட்டா.

ஆகவே நாய்கள்மேல் குற்றமில்லை. அவை கொல்லவில்லை, கிளப்பி மட்டும்தான் விட்டன. இதைத் தயவுசெய்து தனியாக எழுதுங்கள். இரண்டே நாய்கள், தாமதமில்லாமல் ஒரு தோட்டா, சுட்டவன் சுடத் தெரிந்தவன். சட்டத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே நடந்துகொண்டேன்.

எந்த நரிக்கும் நான் காட்டாத சலுகை அது.