மேஸ்திரிக் கோழியும் என் மாமியாரும்

எனக்குக் கோழிகள் மேல் அப்படியொன்றும் பெரிய பாசம் கிடையாது, பாஸ்டரம்மா. கடைக்குப் போய் முட்டை வாங்கும் வேலை மிச்சம், அவ்வளவுதான். ஆனால் என் மாமியார் ஐடா அம்மா ஏன் இப்படி ஒடுங்கிப் போய்விட்டார் என்று ஜெபக்கூட்டத்தில் கேட்டீர்களே, அதற்குக் கோழியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குவார்ட்டர்ஸின் பின்கட்டில் அத்தையின் பழைய கோழிகள் இருந்தன. அவற்றுக்குத் தலைவி ஒரு சிவப்புக் கோழி. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார் ஆர்தர் மாமா அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார். அது தின்று முடிக்காமல் வேறெதுவும் தட்டில் வாய் வைக்காது.

அத்தையும் நல்லவர்தான், குறை சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அடுப்பருகே போனால் போதும், "உனுக்கு இன்னா தெரியும், வுடும்மா, நான் பாத்துக்குறேன்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதையேதான் சொன்னார். என் வீட்டில் என் கையால் ஒரு ரசம் வைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

போன வருஷம் நான் இளங்கோழிகள் கொஞ்சம் வாங்கினேன். புதிதாக வந்ததை எடுத்தவுடன் பழைய கூட்டத்தில் விடக் கூடாது. நடுவில் வலை கட்டி, ஒன்றையொன்று பார்த்துப் பழக விட்டேன். தீனித் தட்டையும் இரண்டு இடத்தில் வைத்தேன். எல்லாம் முறைப்படி செய்தும், வலையைத் திறந்த அன்றே மேஸ்திரி ஒரு குஞ்சின் கொண்டையைக் கிழித்துவிட்டது.

மாமாதான் வழி சொன்னார்.

"புதுசுங்கள ஏம்மா அடைக்கிற? மேஸ்திரியத் தூக்கி வேற எங்கனா வையி. மைன்ஸ்ல நீளமா லீவு போட்டுட்டு வந்தான்னு வையி, எவ்ளோ பெரிய மேஸ்திரியா இருந்தாலும் அவன் கேங்கு வேற ஆளு கைக்குப் பூடும். திரும்பி வந்தா அவன்தான் புது ஆளு."

வாசல் பக்கம் ஒரு கூடையைக் கவிழ்த்து மேஸ்திரியை அதற்குள் வைத்தேன். நாலைந்து நாள் கழித்து மறுபடி கொண்டுபோய் விட்டபோது அது பழைய மிடுக்கோடு தட்டுக்குப் போனது. நேற்றைய குஞ்சுகள் அதைக் கொத்தித் துரத்தின. மற்றதெல்லாம் தின்று முடிக்கும்வரை மேஸ்திரி சுவரோரமாக நின்றது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தம் வராதவரை நாம் குறுக்கே போகக் கூடாது. கோழி வளர்ப்பில் அது முக்கியம்.

அடுத்த வாரம் பெங்களூரில் இருக்கும் அத்தையின் தங்கைக்கு போன் செய்து, அக்கா உங்களையே நினைத்து ஏங்குகிறார் என்றேன். அத்தையிடம், சித்திக்கு முழங்கால் வலி, துணைக்கு ஆளில்லை என்றேன். நானே ரயிலேற்றிவிட்டேன், கையில் புளிசாதமும் கட்டிக் கொடுத்து.

அவர் கிளம்புகிறேன் என்று போன் செய்யும்போதெல்லாம், "வெள்ளையடிக்கிறோம் அத்தை, தூசு உங்களுக்கு ஆவாது" என்றேன். பொய் சொல்லக் கூடாது என்பதற்காக உண்மையிலேயே வெள்ளையடித்தேன். அந்தச் சாக்கில் டப்பாக்களை இடம் மாற்றினேன். என் கை ரசத்துக்கு வீடு மெல்லப் பழகியது. மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். என் பிள்ளைகளும் பசித்தால் என்னையே கூப்பிடக் கற்றுக்கொண்டார்கள்.

அத்தை திரும்பி வந்த அன்று நேராக அடுக்களைக்குள் போனார். இருந்த அலமாரியையெல்லாம் திறந்து பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்று, "ஷைலா, டீத்தூள் எங்கம்மா கீது?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. "நீங்க உக்காருங்க அத்தை" என்றேன். ரத்தம் ஒன்றும் வரவில்லையே.

இப்போது எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் தட்டெடுக்கிறார். வீட்டில் ஒரு சத்தமில்லை. நடந்தது இதுதான், பாஸ்டரம்மா. செய்தது நான்தான். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. ஒருத்தரே எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கும் வீடு நல்ல வீடாகுமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் என் கொழுந்தன் கிளாரன்ஸுக்குக் கல்யாணம். பெண் பங்காருபேட்டை. போன ஞாயிறு பெற்றோரோடு வந்திருந்தாள். தங்கமான பெண். "நான் டீ போடட்டுமா அக்கா?" என்று எழுந்தாள்.

"உனுக்கு இன்னா தெரியும், வுடும்மா, நான் பாத்துக்குறேன்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை வாய்விட்டுச் சிரித்தார். ஊரிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். ஏன் சிரித்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.