தக்காளித் தோலும் காவேரித் தண்ணியும்

— வண்டிய நிறுத்தச் சொல்லு ஃபஹ்மிதா. அந்தத் தக்காளித் தோலு என் வாத்துங்களோடது.

— கோவிந்தராசு மாமா, நெழலுக்கு வாங்க மொதல்ல. சாஸ் கம்பெனி கழிவெல்லாம் இனிமே எனக்குத்தான்னு நேத்து வாய்வார்த்தையா முடிச்சாச்சு.

— நேத்து வரைக்கும் அது நாத்தம் புடிச்ச குப்பை. வாய்க்கா ஓரம் கொட்டிட்டுப் போவான், நான் அள்ளிட்டுப் போயி வாத்துக்குப் போடுவேன். அப்பல்லாம் நீ எங்கம்மா இருந்தே?

— காலேஜுல. அந்தத் தோல்லேர்ந்து நெறம் எடுக்கப் படிச்சிக்கிட்டிருந்தேன்.

— நெறத்த வச்சு என்ன, வேட்டிய முக்கப் போறியா?

— பவுடராக்கி கோழித் தீனியில கலக்குறது. நாமக்கல் கம்பெனி ஒண்ணு கேக்குது. கோழி தின்னா மஞ்சக்கரு செவசெவன்னு வரும்.

— இதுக்கு ஒரு படிப்பா? என் வாத்து பள்ளிக்கொடமே போவாம அதத்தான செய்யுது. மன்னார்குடி புரோட்டாக் கடைக்காரன் அந்தச் செவப்புக்காகத்தான் என்கிட்ட முட்டை எடுக்குறான். தோலு நின்னா கரு வெளுத்துரும், அவனும் போயிருவான். வாத்த வித்துட்டு நான் எங்க போவேன், சொல்லு.

— எனக்கும் பாடுதான் மாமா. சாம்பிள் ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு. ஒரு முட்டைய ஒடச்சுக் காட்டி, இந்த நெறம் வந்தாத்தான் ஆர்டருங்கிறாங்க. இந்தா, போட்டோ.

— கிட்டக் காட்டு. இந்த முட்டைத் தட்டுல என்ன, பச்சைப் பெயிண்டா?

— ஆமா. அதுக்கென்ன?

— அந்தக் கோடு நான் போட்டதும்மா. தட்ட எவனும் அமுக்கிடக் கூடாதுன்னு. போன மாசம் டை கட்டுன ஒருத்தரு என் வாத்துக் கிடைக்கே வந்து வாங்கிட்டுப் போனாரு.

— அல்லா. என்ன தீனின்னு கேட்டாரா?

— கேக்காமயா? தொழில் ரகசியமாச்சே, விடுவனா. எல்லாம் காவேரித் தண்ணின்னுட்டேன்.

— நல்லவேளை. நானும் எதுலேர்ந்து எடுக்குறேன்னு சொல்லல. தெரிஞ்சா அவங்களே நேரா சாஸ் கம்பெனிக்குப் போயி மொத்தத்தையும் பேசி எடுத்துருவாங்க.

— ஓ.

— என்ன மாமா, போனை எடுக்குறீங்க?

— அந்த டை கட்டுனவரு நம்பரு குடுத்துட்டுப் போனாரும்மா. நல்ல மனுசன், பொய் சொல்லிட்டமேன்னு உறுத்துது. தண்ணி இல்ல சார், தோலுன்னு சொல்லிடலாம்னு பாக்குறேன்.

— ஷேக் பரீத் அண்ணே, வண்டிய மாமாவோட வாத்துக் கிடைக்குத் திருப்புங்க. வாத்துங்க தின்னு மிச்சம் இருந்தா நமக்கு.