செங்கோணம் சிவப்பு இல்லை

— செங்கோணம்னா செவப்பா இருக்கும்னா எழுதி வச்சிருக்கிய?

— செங்கல் செவப்பு, செம்மண் செவப்பு. செங்கோணம் மட்டும் பச்சையாளா?

— ஆகா! இந்த மூளைய வச்சுக்கிட்டு டக் போட்டுல போயி, அம்மாம்பெரிய கப்பல எப்படித்தான் ஹார்பருக்குள்ள இழுத்துட்டு வாரியளோ. செம்மைன்னா நேர்னும் ஒரு அர்த்தம் இருக்குங்க. கோணாம, தொண்ணூறு டிகிரில நட்டமா நிக்கது.

— அப்ப நட்டக்கோணம்னு பேரு வைக்க வேண்டியதுதான? எங்கள மாதிரி ஆளுக்குப் புரிஞ்சிருக்கும்லா.

— நாளைக்குப் பரிச்சை ஹால்ல சொல்லுங்க, மாத்திருவாக. குறுங்கோணம்?

— குறுகினது. தொண்ணூறுக்குக் கீழ. விரிகோணம், விரிஞ்சது. தொண்ணூறுக்கு மேல. ஏளா பிளாரன்ஸ், ஒரே முக்கோணத்துல ரெண்டு விரிகோணம் வராதுன்னு புக்குல போட்டிருக்கான், ஏன்?

— மூணு கோணத்துக்கும் சேத்து மொத்தமே நூத்தியெம்பதுதான். நம்ம கட்டில் மாதிரி. நீங்க ஒருத்தர் கையையும் காலையும் விரிச்சுப் படுத்தா, நானும் பிள்ளையும் ஒடுங்கித்தான கெடக்கோம்?

— இத எங்க சார் அன்னைக்கே சொல்லியிருந்தா பாஸாயிருப்பேன்.

— கட்டிலு வாங்கித் தந்த எங்க அப்பாவுக்கு நன்றி சொல்லுங்க. சமபக்கம்?

— மூணு பக்கமும் ஒரே நீளம். இருசமபக்கம்னா ரெண்டு மட்டும். அசமபக்கம்... அது வந்து...

— முன்னால 'அ' வந்தா 'இல்ல'ன்னு அர்த்தம்.

— அப்ப எதுவுமே சமம் இல்ல. மூணும் மூணு நீளம். ஒன் அண்ணன்மாரு மூணு பேரு மாதிரி.

— எங்க அண்ணன்மார இழுக்காட்டி ஒங்களுக்குச் சோறு எறங்காதே.

— இங்கன பாருளா. நாளைக்கு நான் போகல.

— வயித்துவலியா? போன தடவை பாட்டையா செத்துட்டாருன்னிய. அவரு இன்னும் எத்தனை தடவைதான் சாவாரு?

— வெளையாடாத. நாப்பத்திரண்டு வயசுளா எனக்கு. அதுக்கு முந்துன தடவை பரிச்சைக்குப் போனப்ப ஸ்கூல் வாசல்ல ஒரு சின்னப்பய கேக்கான், "அண்ணாச்சி, நீங்கதான் சூப்பர்வைசரா?"ன்னு.

— ஆமான்னு சொல்லி அவன் பிட்டைப் பிடுங்கியிருக்கணும். ஏங்க, பத்தாவது பாஸாவாட்டி போட்டை நடத்துத சாரங்கு வேலை கெடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாவல்லா? ஒங்களுக்குப் பொறவு வந்த கிருபாநிதி சாரங்கு ஆயிட்டாரு. இனி அவரு "கயித்தை விடுலே இனிகோ"ம்பாரு. நீங்க விடணும்.

— விடுதேன். பதினெட்டு வருசமா விடுதவந்தான. ஒனக்கென்ன, பன்னெண்டு படிச்சவ. ரிசல்ட்டுல நம்பரு வராம, பேப்பரை மடிச்சு வச்சிட்டு வீட்டுக்குள்ள நொழையுதவன் வயித்தெரிச்சல் ஒனக்கு எங்க தெரியப்போவுது? அந்தப் பயலுவ நடுவுல தனியா போயி உக்கார என்னால ஆவாது.

— தனியா ஒண்ணும் போக வேண்டாம். இந்தாங்க.

— என்னது இது? ஹால் டிக்கெட்டு... எனக்குத்தான் ஏற்கெனவே தந்துட்டாவளே. ஏளா, இதுல ஒன் போட்டோல்லா இருக்கு!

— ஆமா. அதே ஸ்கூலு, அதே ரூமு. பொண்ணு பாக்க வந்தன்னைக்குப் பன்னெண்டுன்னு எங்க வீட்டுல சொன்னது பொய்யிங்க. நான் பத்தாவது கணக்குல நாலு தடவை பெயிலு.